பத்தொன்பதில் நின்ற காலண்டர்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர் என் இலைக்கு ஒரு கரண்டியும் வேட்டிக்கு ஒரு கரண்டியும் பரிமாறிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து துவைக்கிற கல்லில் வைத்துச் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாக மாறியது. பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். “கலரு மாறிடுச்சா? சரி, இப்ப ஆரம்பிப்பீங்க” என்று சொல்லி, பாதிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் இந்தக் கதையை நூறு தடவை கேட்டவள். நீங்கள் கேட்டதில்லை. அதனால் உட்காருங்கள், சொல்கிறேன்.

மஞ்சள் சோப்பில் பட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்குகிற பெண்கள் எல்லோரும் செய்வது இந்த ரசாயனம்தான். இதையே கண்ணாடிக் குழாய் வைத்துச் செய்தால் பாடப் புத்தகத்தில் ‘பருமனறி பகுப்பாய்வு’ என்று பெயர். டைட்ரேஷன் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அங்கே மஞ்சளுக்குப் பதில் பினாப்தலீன். காரத்தில் ஒரு சொட்டு விட்டால் ரோஸ் நிறம் வரும். அமிலம் போதுமான அளவு விழுந்ததும் அந்த நிறம் போய்விடும். அந்தக் காலத்தில் பினாப்தலீனை மலச்சிக்கலுக்கும் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமலே ஒருநாள் எனக்கு வயிறு கலங்கியது. அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். ப்ளஸ் டூ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. லேப் என்பது நீளமான ஓட்டுக் கட்டடம். ஜன்னல் வழியே மலை தெரியும். உள்ளே அழுகின முட்டை வாசனை நிரந்தரமாகக் குடியிருந்தது. அங்கே நிரந்தரம் இல்லாதவன் நான் ஒருவன்தான். சாயங்காலம் அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனால் அம்மா வாயால் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடியைக் கையால் காட்டுவாள். குளித்த பிறகுதான் காப்பி.

கெமிஸ்ட்ரி வாத்தியார் கரீம் சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊரில் மூன்று தலைமுறையாக அத்தர்க் கடை வைத்திருக்கும் குடும்பம். கைக்குட்டையில் அத்தர் தடவிக்கொண்டு வருவார். வாசனை ஜாஸ்தியானால் மூக்கில் ஒரு ஒற்று ஒற்றிக்கொண்டு பாடத்தைத் தொடர்வார்.

மூக்குக்கு இது என்றால் வாய்க்கு பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாய். சரியாக இருபது மில்லி காரத்தை அளந்து எடுக்க வேண்டும். இப்போது அதற்கு ரப்பர் பந்து இருக்கிறதாம். அப்போது வாயால்தான் உறிஞ்ச வேண்டும். கோடு வரைக்கும் உறிஞ்சி, நாக்கை எடுத்து, சட்டென்று விரலை வைக்க வேண்டும். அந்த ‘சட்’ கொஞ்சம் தாமதமானால் காஸ்டிக் சோடா வாய்க்குள். சவுக்காரத்தைக் கடித்த மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் அறிவியல் பிரிவு படித்த யாரைக் கேட்டாலும் அந்தச் சுவையை விவரிப்பார்கள். படிப்பில் நாக்கில் நின்றது அது ஒன்றுதான்.

சோதனை எப்படி என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் அருமை உங்களுக்குத் தெரியாது. மாணவனுக்கு மூன்று கரைசல் கொடுப்போம். ஒன்று, வீரியம் எவ்வளவு என்று எழுதியே கொடுக்கிற சோடா. இன்னொன்று, வீரியம் தெரியாத காஸ்டிக் சோடா. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஒரு அமிலம், கல்யாணத் தரகர் மாதிரி. முதலில் தெரிந்த சோடாவுக்கு எத்தனை மில்லி அமிலம் பிடிக்கிறது என்று பார்ப்பது, பிறகு தெரியாத காஸ்டிக் சோடாவுக்கு எத்தனை என்று பார்ப்பது, இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுவது. அவ்வளவுதான்.

இதில் முதல் பாதியைப் பையன்கள் ஒழுங்காகச் செய்வார்கள், ஏனென்றால் வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் அப்போது எதிரில் நிற்பார். இரண்டாம் பாதியில் நிற்க மாட்டார். எங்கள் ஊருக்கு வருகிற பரிசோதகர்கள் பாதிதான் பரிசோதகர்கள், மீதிப் பாதி பக்தர்கள். பதினொரு மணிக்கு மெதுவாக, “கோயில் நடை எத்தன மணிக்குப்பா சாத்துவாங்க?” என்பார்கள். உடனே லேப் அசிஸ்டென்ட் அவரைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். இது எழுதாத விதி. அந்த ஒன்றரை மணி நேரம்தான் காலண்டர் வேலை செய்யும்.

காலண்டர் என்றா கேட்கிறீர்கள்? எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தோடு ஒரு பழைய வருஷத்துத் தினசரிக் காலண்டரையும் என்னிடம் ஒப்படைத்தார். “இது எதுக்கு சார்?” என்றேன். “உனக்குத் தெரியணும்னு இல்ல. பசங்களுக்குத் தெரியும்” என்றார். பரீட்சை அன்று காலையில் லேப் அசிஸ்டென்ட் கரைசலைத் தயார் செய்து, தானே ஒரு முறை செய்து பார்ப்பான். காஸ்டிக் சோடாவுக்கு எத்தனை மில்லி அமிலம் பிடித்ததோ, அந்தத் தேதி மேலே தெரிகிற மாதிரி தாள்களைக் கிளிப் போட்டுத் தூக்கிவிட்டுக் கரும்பலகைக்கு மேலே மாட்டிவிடுவான். பையன்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மூன்று தடவை செய்த மாதிரி மூன்று வரி. கரீம் சார் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மலையைப் பார்ப்பதில் தப்புச் சொல்ல முடியுமா, ஊரே அதைத்தான் பார்க்கிறது.

அந்த வருஷச் செய்முறைத் தேர்வு எனக்கு வாழ்வா சாவா என்பது மாதிரி. அது குறையில்லாமல் முடிந்தால் என்னை நிரந்தரம் செய்ய எழுதுகிறேன் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கீழ்பென்னாத்தூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, “வேல பர்மனென்ட் ஆவட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டார். ஆக, என் வேலை, கல்யாணம் இரண்டும் இரண்டு லிட்டர் அமில ஜாடியில் மிதந்துகொண்டிருந்தன.

இந்தச் சங்கதி அம்மாவுக்கும் தெரியும். அன்று விடியற்காலையில் கோயிலுக்குப் போய் என் பேரில் அர்ச்சனை செய்து, விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். “நெத்தில வெச்சுக்கோ. அங்க இருக்கற சாமானுக்கெல்லாம் வெச்சுடு. ஒண்ணும் விட்டுடாத” என்றாள்.

விடவில்லை. லேபுக்குப் போய் முதலில் கரைசல்களைத் தயார் செய்தேன். செய்து பார்த்தேன். சோடாவுக்கு இருபது மில்லி அமிலம், காஸ்டிக் சோடாவுக்குப் பத்தொன்பது. சரியான விடையை ஒரு தாளில் எழுதிப் பரிசோதகருக்காக உறையில் போட்டேன். காலண்டரைப் பத்தொன்பதில் நிறுத்தி மாட்டினேன். அதற்கப்புறம்தான் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆயுத பூஜை மாதிரி எல்லாவற்றுக்கும் வைத்தேன். தராசுப் பெட்டிக்கு, அலமாரிக்கு, அமிலம் சொட்டுகிற பியூரெட் குழாய்களின் இருபத்துநாலு தாங்கிகளுக்கு. அமில ஜாடிக்கு மட்டும் தனி மரியாதை, மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். மூன்று விரலிலும் நிறைய விபூதி மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று மூடியைத் திறந்து உள்ளேயும் போட்டேன்.

சுர்ரென்று நுரைத்தது.

விபூதி சாம்பல். சாம்பல் காரம். அமிலத்தில் அது விழுந்தால் நுரைக்கும், அமிலத்தின் வீரியம் குறையும். எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்வான். நான் பட்டதாரி. நுரையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடியை மூடினேன்.

பரிசோதகர் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கண்டிப்பான மனிதர் என்று மீசையிலேயே தெரிந்தது. பையன்கள் இருபத்துநாலு பேரும் வரிசையாக நின்றார்கள். கடைசி இடம் ஏழுமலைக்கு. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவன், விவசாயக் குடும்பம். நல்ல பையன்தான், ஆனால் கெமிஸ்ட்ரிக்கும் அவனுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. அவன் ரெக்கார்டு நோட்டில் நீல மையைவிடச் சிவப்பு மைதான் ஜாஸ்தி. அவன் இடத்துக்கு எதிரில் பெரிய அலமாரி ஒன்று கரும்பலகைப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றது. முதல் பாதி முடிகிற நேரத்தில் அவன் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பரிசோதகர் இருக்கும்போதே கையைத் தூக்கினான்.

“சார், இங்கருந்து காலண்டர் தெரியலிங்க.”

என் உயிர் போய் வந்தது. “காலண்டர் எதுக்குப்பா உனக்கு?” என்றார் பரிசோதகர்.

“தேதி போடறதுக்கு சார்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“இன்னைக்கு ஆறாம் தேதி. எழுதிக்கோ.”

ஏழுமலை பரிதாபமாக எழுதிக்கொண்டான். விடையையும் ஆறு என்று போட்டுத் தொலைக்கப் போகிறானே என்ற கவலையோடுதான் நான் பரிசோதகரை அழைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். போகிற அவசரத்தில், பையன்களுக்கு முதல் பாதியில் எவ்வளவு வந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் இருபது வர வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் இருபத்துமூன்று வந்திருப்பது தெரிந்திருக்கும்.

கோயிலில் நல்ல தரிசனம். திரும்பி வரும்போது பரிசோதகர் நெற்றி நிறைய விபூதியோடு, சட்டைப் பையில் இன்னொரு பொட்டலத்தோடு, மீசைகூட இளகிப்போய் இருந்தார். விடைத்தாள்களை வாங்கித் திருத்த உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் மீசை பழையபடி ஆகிவிட்டது.

இருபத்துமூன்று பேருக்கு ஒரே மாதிரி தப்பு. ஏழுமலைக்கு மட்டும் சரியான விடை, உறையில் நான் எழுதி வைத்ததற்கு மயிரிழைதான் வித்தியாசம். பரிசோதகர் அவனுடைய ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். சிவப்பு மையைப் பார்த்தார்.

“இங்க வாடா. கவர எப்பப் பிரிச்ச?”

“எந்தக் கவருங்க?”

“கரைசல்ல ஏதோ கோளாறு இருக்கு. அதான் எல்லாருக்கும் தப்பா வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படி சரியா வரும்? இருபத்துமூணு பேரு சேந்து திருட முடியாது. ஒருத்தன் திருடலாம்.”

“நான் பாத்தததான் எழுதனேங்க. மூணு வாட்டி பாத்தேன். மொதல்ல இருபத்திமூணு. அப்புறம் இருபத்திரெண்டு.”

“பொய் சொன்னா அடுத்த வருஷமும் எழுத முடியாது, தெரியுமில்ல?”

ஏழுமலை அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்துமூன்று, இருபத்திரண்டு. அமிலம் வீரியம் குறைந்தால்தான் அதிகம் பிடிக்கும். மெல்ல ஜாடியைப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் விரற்கடை வண்டல். மேலே என் மூன்று விரல் பட்டை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ஜாடியை ஒரு தடவை கழுவிவிட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழ்பென்னாத்தூரை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். பரிசோதகர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஏழுமலை என்னைப் பார்த்தான். காலண்டர் தெரியவில்லை என்று காலையில் என்னிடம்தானே சொன்னான், இப்போதும் நான்தான் ஏதாவது சொல்வேன் என்கிற மாதிரி பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

“சார், அவன் திருடல. ஆசிட்ல விபூதி கலந்திருக்கு. நான்தான் போட்டேன்.”

பரிசோதகரின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. “விபூதியா?”

“பெரிய கோயில் விபூதி சார்” என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கரீம் சார் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு எழுந்து வந்தார். “எங்க வீட்லயும் இன்னைக்கு ஓதின தண்ணி குடுத்தாங்க. நான் குடிச்சுட்டு வந்தேன். நீ ஏம்ப்பா ஜாடிக்குக் குடுத்த?” என்று என்னைக் கேட்டார். பிறகு பரிசோதகரிடம் திரும்பினார். “சார், அரிசி அளக்கற படி ஒடுங்கிப்போச்சுன்னு வெச்சுக்கோங்க. அதே படியால உங்க அரிசியையும் அளந்து என் அரிசியையும் அளந்தா, படிக் கணக்கு ரெண்டுலயும் ஜாஸ்தியாத்தான் வரும். ஆனா யாருது எவ்ளோ கம்மினு சரியாத்தான் தெரியும். இந்தப் பையன் ரெண்டையும் ஒடுங்கின படியாலயே அளந்திருக்கான். அதான் சரியா வந்திருக்கு.”

பரிசோதகர் தானே பிப்பெட்டை எடுத்து உறிஞ்சினார். ஒரு வாய் உள்ளே போயிருக்க வேண்டும், முகம் கோணியது. சொட்டுச் சொட்டாக விட்டார். இருபத்திரண்டில் ரோஸ் நிறம் போனது. ஏழுமலையின் நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“சரி. அப்ப மத்த இருபத்துமூணு பேருக்கும் பத்தொம்போது எங்கருந்து வந்துச்சு?”

இருபத்துமூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். கரும்பலகைச் சுவரை மட்டும் ஒருத்தனும் பார்க்கவில்லை. பரிசோதகர் அங்கே பார்த்தார். எழுந்து போய், நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ரெண்டாவதை எல்லாரும் மறுபடி செய்ங்க. நான் இங்கயேதான் நிப்பேன்” என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முழுவதும் இரண்டாம் பாதியைச் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். காலையில் முதல் பாதியை ஒழுங்காகச் செய்த அதே பையன்கள், பயத்தில் எல்லாம் மறந்துபோய், பிப்பெட்டை எந்தப் பக்கம் உறிஞ்சுவது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டார்கள். “எப்படா நிறுத்தணும்?” “கலரு போனதும்.” “எனக்கு எப்பவோ போயிடுச்சேடா.” வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவன் காஸ்டிக் சோடாவைக் குடித்துவிட்டு வெளியே ஓடினான். நிறம் போகும்போது ஒவ்வொருத்தனும் குனிந்து குடுவைக்குள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காலையில் அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள், ஒரே ஒரு சொட்டில் போய்விடுகிறதே என்று இப்போது அவர்களுக்கு ஆச்சரியம். ஏழுமலை வெளியே படியில் உட்கார்ந்து, பரிசோதகருக்காக வாங்கி வைத்த போண்டாவைத் தின்றுகொண்டிருந்தான். பரிசோதகரே கொடுத்தனுப்பியது.

சாயங்காலம் எல்லோரும் தேறிவிட்டார்கள். அறிக்கையில் காலண்டரைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கரீம் சாரும் மாட்டுவார். மறுமுறை செய்ததற்குக் காரணம் என்ற இடத்தில்தான் வெகுநேரம் யோசித்தார். விபூதி என்று அரசாங்கப் படிவத்தில் எழுத அவருக்குக் கை வரவில்லை. கடைசியில், ‘லேப் உதவியாளரின் கவனக்குறைவால் கரைசலில் மாசு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேலை போயிற்று. வீட்டில் வந்து சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “விபூதிய மாசுன்னா எழுதினான்?” என்றாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பரிசோதகரை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர்க்காரர் இரண்டு வருஷம் இழுத்தடித்துவிட்டு, பெண் வேறு இடம் வேண்டாம் என்று அடம் பிடித்ததால் தட்டு மாற்றினார். அதற்குள் கரீம் சார் சொல்லி, கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்கிற வேலை. அதே பியூரெட், அதே பினாப்தலீன். இருபத்தைந்து வருஷம் அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அங்கே ஆயுத பூஜை அன்றுகூட ஜாடிகளுக்கு வெளியில் மட்டும்தான் விபூதி.

ஒரு தடவை ஏழுமலை கடலை மூட்டைகளோடு மில்லுக்கு வந்தான். மீசை நரைத்திருந்தது. டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். “சார், அன்னைக்குக் காலண்டர் மட்டும் தெரிஞ்சிருந்தா நானும் பத்தொம்போதுதான் போட்டிருப்பேன்.”

“தெரியும்பா” என்றேன். நீ அன்று என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் ஜாடியைக் கழுவித்தான் வைத்திருப்பேன் என்று நான் பதிலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தேன்.

மில் இப்போது இல்லை. கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. என் வேட்டியில் சாம்பார் ஊற்றியது அங்கேதான். கரீம் சார் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. அத்தர்க் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஏழுமலையும் போன மழைக்காலத்தில் போய்விட்டான், எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் வந்த தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் லேப்தான் வாக்குச்சாவடி. முட்டை வாசனை இல்லை, பினாயில் வாசனை. விரலில் மை வைத்துக்கொண்ட பிறகு, வரிசையில் நின்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கடைசிப் பக்கம் நடந்து போய், ஏழுமலை நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அந்த அலமாரியை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து சுவர் முழுவதும் நன்றாகத் தெரிகிறது. ஆணிகூடத் தெரிகிறது.